ஒடுங்கிய ஜீப்பும் அகன்ற அச்சும்

1940இல் அமெரிக்க இராணுவம் கேட்டது ஒரு சின்ன உளவு வண்டி. இரு பக்கச் சக்கரங்களுக்கும் இடையில் 47 அங்குலம் போதும் என்றார்கள். யுத்தம் முடிந்ததும் கிட்டத்தட்ட அதே ஒடுங்கிய உடம்போடு சீ.ஜே. ஜீப்புகள் பொதுமக்களிடம் வந்தன. வயலில் ஊர்ந்து போக அது தாராளம். நெடுஞ்சாலையில் வேகமாக வெட்டித் திருப்பினால்? உயரம் கூட, அகலம் குறைவு, கவிழும். உயிர்கள் போயின.

1980இல் சீ.ஜே.5 கவிழ்வதை அமெரிக்கத் தொலைக்காட்சி காட்டியது. திரும்பத் திரும்ப ஓட்டித்தான் கவிழ்த்தார்கள் என்ற எதிர்வாதமும் உண்டு. எப்படியோ, 1982இல் சீ.ஜே.7க்கு அகன்ற அச்சுகள் வந்துவிட்டன.

பழைய ஜீப் பிரியர்கள் இப்போது அவற்றைத் தேடிப் பிடித்து மாற்றுகிறார்கள். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் பற்சக்கர விகிதம் ஒன்றாக இருக்கவேண்டும். அகலத்தைக் கூட்டிய கையோடு ஸ்பிரிங்கையும் உயர்த்திவிடுகிறார்களே, அதுதான் எனக்கு விளங்கவில்லை.