தண்டு நிலையத்தில் இறங்குவோர்

‘ரயில் வந்தது, தமிழர் வந்தனர்’ என்று பெங்களூர்த் தமிழரின் வரலாற்றை ஒரே வரியில் முடித்துவிடுவதை ஆய்வரங்குகளில் அடிக்கடி கேட்க நேர்கிறது. காலவரிசை அதற்கு இடம் தரவில்லை.

சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை முதல் ரயில் ஓடியது 1856 ஜூலை 1 அன்று. ஜோலார்பேட்டையில் பிரிந்த பாதை 1864 ஆகஸ்டில் பெங்களூரை எட்டியது. அது வந்து நின்ற இடம் கெம்பேகௌடர் அமைத்த பேட்டை அன்று. அதற்கு வடகிழக்கே தனி ஊராக வளர்ந்திருந்த படைக்குடியிருப்பு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் இருந்த ஆங்கிலேயப் படை 1809இல் அங்கு மாற்றப்பட்டிருந்தது. சென்னை மாகாணப் படையைத் தொடர்ந்து சிப்பாய்களும் வணிகரும் சமையற்காரரும் சலவைத் தொழிலாளரும் வந்தனர். அவர்களுள் தமிழ் பேசுவோர் மிகப் பலர். அன்றைய பயண வாய்ப்புகள் மாட்டுவண்டியும் சொந்தக் கால்களுமே. வசதி படைத்தோருக்குப் பல்லக்கு. ஆக, அல்சூரைச் சுற்றித் தமிழ்த் தெருக்கள் உருவாகி அரை நூற்றாண்டு கழிந்த பின்னரே இருப்புப்பாதை அங்கு வந்தது. பின்வந்த குடியேற்றத்தை அது விரைவுபடுத்தியது என்பதை நான் மறுக்கவில்லை. கோலார் தங்கவயலுக்கு அந்த ஒற்றை வரி ஓரளவு பொருந்தவும் செய்யும்: 1880களில் சுரங்கத்தொழில் பெருகியபோது ஜோலார்பேட்டைப் பாதை ஏற்கெனவே இருந்தது.

பேட்டையின் மேற்குப் புறத்திலிருந்து மைசூருக்குச் சென்ற பாதை 1882இல் முழுமையடைந்தது. அது மீட்டர் பாதை. சென்னைப் பாதையோ அகலப் பாதை. ஒரே ஊரில் இரு ஆட்சிகள் நிலவியதுபோல இரு தண்டவாள அளவுகளும் நிலவின. 1881இல் மைசூர் நாடு உடையார்களிடம் திரும்பியபோதும் படைக்குடியிருப்பு 1947 வரை ஆங்கிலேயர் வசமே இருந்தது.

மொழியியல் மாணவன் என்ற முறையில் என்னை ஈர்ப்பது நிலையத்தின் பெயர். கன்னடப் பெயர்ப்பலகையில் இன்றும் அது ‘பெங்களூரு தண்டு’. தமிழிலும் தண்டு என்றால் படைதான். தண்டநாயகன் என்னும் பதவிப் பெயரைக் கல்வெட்டு படித்தோர் அறிவர். ஆயினும், சென்னையிலிருந்து வரும் பிருந்தாவன் விரைவு வண்டியில் ‘மெஜஸ்டிக்கா, கண்டோன்மென்ட்டா?’ என்றுதான் தமிழர் ஒருவரையொருவர் கேட்டுக்கொள்கின்றனர். தண்டு என்று சொல்லி நான் இதுவரை கேட்டதில்லை.