நண்பகலோடு முடிந்த வேட்டை

மயிலைக் கண்டு சிறகு விரித்தாடும் வான்கோழியை மூதுரை வகுப்பில் எள்ளலோடே கற்பித்து வந்தேன். அதன் தாயகமான அமெரிக்காவின் வரலாறு என் எண்ணத்தை மாற்றியது.

மிதமிஞ்சிய வேட்டையாலும் காடழிப்பாலும் மிசௌரி மாநிலத்தில் காட்டு வான்கோழிகள் அருகிப்போயின. 1937-இல் வேட்டை நிறுத்தப்பட்டது. எஞ்சிய பறவைகளைப் பிடித்து வேறு காடுகளில் குடியேற்றிப் பெருக்கினர். 1960-இல் மூன்றே நாள் வசந்தகால வேட்டைக்கு இடமளித்தனர்.

பெட்டை கூட்டுக்குச் சென்றபின், தனித்த சேவல் வேட்டைக்காரர் எழுப்பும் போலிக்குரலுக்கு எளிதில் மயங்கும். எனினும், அடைகாக்கும் பெட்டைக்கு இடையூறு நேருமென அஞ்சி, பல்லாண்டுகள் பிற்பகல் ஒரு மணியோடு வேட்டையை முடித்தனர். 2025-இல்தான் தனியார் நிலங்களில் மாலைவரை அனுமதி கிடைத்தது. பொது நிலங்களில் அவ்வாண்டும் பழைய வரம்பே நீடித்தது.

ஆசிரிய அன்பர்களே, பெற்றோரே! அழித்தவர்களே தம் கையைக் கட்டிக்கொண்ட இவ்வரலாற்றையும் பிள்ளைகளுக்குச் சொல்வோமே!