போலீஸ் காரின் எஞ்சின்

அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்தில் அக்ரன் என்றொரு நகரம் உண்டு. 1899ஆம் ஆண்டில் அந்நகரத்துப் போலீசார் குதிரை பூட்டாத வண்டியொன்றைப் பணியில் அமர்த்தினர். மின்சார விசையால் ஓடிய அவ்வண்டியின் வேகம் மணிக்கு ஏறக்குறைய 16 மைல். குடித்து மயங்கியவரை ஏற்றிச் செல்ல அது போதும். ஓடி ஒளியும் குற்றவாளியும் அந்நாளில் பெரும்பாலும் கால்நடையாகத்தானே ஓடினான்!

அவன் காரில் ஏறிய பிறகே சிக்கல் பிறந்தது. 1932இல் ஃபோர்டு கம்பெனியார், எட்டு சிலிண்டர்களை ‘வி’ வடிவில் அமைத்த எஞ்சினை நடுத்தரக் குடும்பத்தாரும் வாங்கத்தக்க காரில் பொருத்தி விற்றனர். அதன் கொள்ளளவு 221 கன அங்குலம். ஆற்றல் 65 குதிரைச் சக்தி. முந்தைய ‘மாடல் ஏ’ காருக்கு இருந்ததோ 40தான். விலை கொடுத்து வாங்கியவனுக்கும் திருடியவனுக்கும் அவ்வெஞ்சின் ஒன்றுபோலவே உழைத்தது. க்ளைட் பாரோ, பானி பார்க்கர் என்னும் கொள்ளையர் இருவர் 1934 மே 23 அன்று லூசியானாவில் சுட்டு வீழ்த்தப்பட்டபோது, அவர்கள் அமர்ந்திருந்தது திருடப்பட்ட ஃபோர்டு வி-8 காரிலேதான். அவர்களை வீழ்த்தியது போலீசாரின் வேகமன்று; வரும் வழியறிந்து சாலையோரத்தில் காத்திருந்த பொறுமையே என்பதை நாம் கருதவேண்டும்.

1950இல் ஃபோர்டு கம்பெனியார் போலீசுக்கென்றே தனி அமைப்பை விற்கத் தொடங்கினர். உடன்பிறப்பான மெர்க்குரி காரின் 255 கன அங்குல எஞ்சின் அதில் இடம்பெற்றது. 1955இல் செவ்ரலே கார் 265 கன அங்குலப் புதிய வி-8 எஞ்சினுடன் போட்டியில் இறங்கியது. ஆயினும் நகரக் காவலுக்கு ஆறு சிலிண்டர் காரையே பல ஊரார் விரும்பினர். தெருவில் மெல்ல ஊர்ந்தும், மணிக்கணக்கில் நின்றும் காவல் புரியும் காருக்குப் பெரிய எஞ்சின் எதற்கு? பெட்ரோல் செலவு வரிகொடுப்போர் தலையில் அல்லவா விழும்?

எஞ்சினைப் போலவே கியரும் ஆராய்ச்சிக்கு உரியது. மூன்று கியர்களோடு ‘ஓவர்டிரைவ்’ என்னும் துணைக் கருவியைச் சேர்த்து வாங்குவோர் இருந்தனர். நெடுஞ்சாலையில் அது பொருந்தியதும், காரின் வேகம் குறையாமலே எஞ்சினின் சுழற்சி ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு குறையும். எண்ணெயும் தேய்மானமும் மிஞ்சும். கலிபோர்னியா நெடுஞ்சாலைக் காவற்படையார் 1955இல் வாங்கிய ப்யூக் செஞ்சுரி கார்களில் 322 கன அங்குல எஞ்சின், 236 குதிரைச் சக்தியுடன் விளங்கியது. அவற்றுள் ஒரு பகுதிக்குக் கையால் மாற்றும் கியர். மறு பகுதிக்குத் திரவத்தின் சுழற்சியால் விசையைக் கடத்தும் ‘டைனாஃப்ளோ’ தானியங்கிக் கியர். முன்னது சட்டென்று பாயும். பின்னது மென்மையாகச் செல்லும், ஆனால் புறப்படுவதில் சற்றே மந்தம். க்ரைஸ்லர் கம்பெனியாரின் மூன்று கியர்த் தானியங்கியாகிய ‘டார்க்ஃப்ளைட்’ 1956இல் வெளிவந்தபின் அக்குறை பெரிதும் நீங்கியது. ஒரு கை ஸ்டியரிங்கைப் பற்ற, மறு கை ரேடியோவை எடுக்க வேண்டிய போலீஸ்காரருக்கு அது பேருதவியாயிற்று.

இவ்வழியின் உச்சம் 1969ஆம் ஆண்டின் டாட்ஜ் பொலாரா: 440 கன அங்குலம், 375 குதிரைச் சக்தி, மணிக்கு 140 மைலுக்கும் மேற்பட்ட வேகம். பிறகு புகைக் கட்டுப்பாட்டு விதிகளும் 1973இன் எண்ணெய் நெருக்கடியும் வந்தன. எஞ்சின்களின் ஆற்றல் தாழ்ந்தது.

அன்பர்களே, 140 மைல் வேகத்தில் பாயும் கார் ஒரு விநாடியில் 200 அடியைத் தாண்டிவிடும். அதற்குள் குறுக்கே வரும் சிறுவனுக்கு எந்தச் சட்டம் துணை நிற்கும்? துரத்தும் காரும் துரத்தப்படும் காரும் அவனுக்கு ஒன்றே. ஆகவேதான் பிற்காலத்தில் அமெரிக்கப் போலீஸ் இலாக்காக்கள் பலவும், எப்போது துரத்தலாம், எப்போது விட்டுவிட வேண்டும் என்று விதி வகுத்தன.

1928இல் டெட்ராய்ட் நகரப் போலீசார், ஓடும் கார்களுக்குச் செய்தி அனுப்ப ரேடியோவைப் பயன்படுத்தினர். காரிலிருப்பவர் கேட்கலாம், மறுமொழி கூற இயலாது. ஆயினும், எவ்வளவு பெரிய எஞ்சினையும் முந்திக்கொண்டு அச்செய்தி அடுத்த சந்திப்பை அடைந்துவிடும். அங்கே ஒருவர் காத்திருந்தால் போதுமே!