பரணில் கிடந்த ஹோஃப்னர்

பீட்டில்ஸ் குழுவின் பால் மெக்கார்ட்னி வாங்கிய முதல் பேஸ் கிட்டாரின் கதையை வயலின் செய்கிறவர்களிடமிருந்துதான் தொடங்க வேண்டும். இன்றைய செக் குடியரசின் மேற்கு எல்லையோரம் லூபி என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. ஜெர்மன் பேசுகிறவர்கள் அங்கே வாழ்ந்த காலத்தில் அதன் பெயர் ஷோன்பாக். தலைமுறை தலைமுறையாக வயலின் செய்து பிழைத்த ஊர். கார்ல் ஹோஃப்னர் 1887-ல் தன் பட்டறையை அங்கேதான் தொடங்கினார். இரண்டாம் உலகப்போர் முடிந்து செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டபோது அந்த ஊர் கலைந்துபோனது. கைவினைஞர்களில் பலர் பவேரியாவில் எர்லாங்கன் நகருக்குப் பக்கத்திலுள்ள புபன்ரொய்ட் கிராமத்தில் குடியேறி, பழைய தொழிலையே மறுபடி தொடங்கினார்கள். ஹோஃப்னர் நிறுவனமும் அங்கே வந்து சேர்ந்தது.

கார்லின் மகன் வால்டர் ஹோஃப்னர் 1950-களின் நடுவில் ஒரு பேஸ் கிட்டாரை வடிவமைத்தார். அமெரிக்காவில் ஃபெண்டர் நிறுவனம் முழு மரப்பலகையில் செதுக்கிய கனமான பேஸ்களை ஏற்கெனவே விற்றுக்கொண்டிருந்தது. வால்டர் தனக்குத் தெரிந்த வயலினிடமே போனார். ஸ்புரூஸ் மரத்தில் முகப்பு, மேப்பிளில் முதுகும் பக்கவாட்டும், உள்ளே வெற்றிடம். அந்த மாடலுக்கு 500/1 என்று எண் வைத்தார்கள். தோளில் மாட்டினால் பாரம் தெரியாது. கம்பியைத் தட்டினால் ஒலி நெடுநேரம் இழுபடாமல் 'தும்' என்று விழுந்து அடங்கும். தங்கள் ஊரை இழந்தவர்களின் கைப்பழக்கம் அந்த உருவத்தில் அப்படியே இருக்கிறது. பீட்டில்ஸ் பற்றிப் பேசுகிறவர்கள் இதை அடிக்கடி தாண்டிப் போய்விடுகிறார்கள். எனக்கு அது வருத்தம்தான்.

1961-ல் பீட்டில்ஸ் ஜெர்மனியின் ஹாம்பர்க் துறைமுக நகரத்தில், டாப் டென் கிளப்பில் இரவு முழுக்க வாசித்துக்கொண்டிருந்தார்கள். குழுவில் பேஸ் வாசித்த ஸ்டூவர்ட் சட்க்ளிஃப் ஓவியம் படிப்பதற்காக விலக முடிவெடுத்தார். அந்த இடத்துக்கு யாரும் முந்தவில்லை. கடைசியில் அது மெக்கார்ட்னி தலையில் விழுந்தது. நூறு பவுண்டு விலை சொன்ன ஃபெண்டருக்குக் கையில் காசில்லை. ஹாம்பர்க்கின் ஸ்டெய்ன்வே கடையில் இந்த வயலின் பேஸ் ஏறக்குறைய முப்பது பவுண்டுக்குக் கிடைத்தது. அவர் இடது கைக்காரர். இருபுறமும் ஒரே மாதிரி வளைந்த உடம்பு என்பதால் இடப்பக்கம் பிடித்தாலும் கோணலாகத் தெரியாது என்பதே தன்னை ஈர்த்ததாக அவர் பின்னாளில் பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

அதன் பிறகு நடந்ததை உலகம் கேட்டது. லிவர்பூலில் மேத்யூ தெருவின் நிலவறையான கேவர்ன் கிளப்பில் அந்தக் குழு கிட்டத்தட்ட முந்நூறு முறை வாசித்தது. அதில் பெரும்பகுதியும் இந்தக் கிட்டாரோடுதான். 1963 பிப்ரவரி 11 அன்று ஒரே நாளில் முதல் ஆல்பத்தின் பெரும்பகுதியைப் பதிவு செய்தபோதும் இதுதான். 'லவ் மீ டூ', 'ஷி லவ்ஸ் யூ', 'ட்விஸ்ட் அண்ட் ஷவுட்' எல்லாவற்றுக்கும் அடியில் ஓடுவது இந்த ஒரு கருவியின் குரல். அந்த ஆண்டின் இலையுதிர் காலத்தில் ஹோஃப்னரிலிருந்து இன்னொரு பேஸ் வந்தது. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எட் சல்லிவன் நிகழ்ச்சியில் கோடிக்கணக்கானவர்கள் பார்த்தது அந்த இரண்டாவதைத்தான். முதல் கிட்டார் உதிரியாக ஒதுங்கியது. 1964-ல் அதற்குப் புது வண்ணம் பூசினார்கள். 1968-ல் 'ரெவல்யூஷன்' பாட்டுக்கு எடுத்த படத்தில் மெக்கார்ட்னி அதைக் கையில் எடுத்தார். 1969 ஜனவரியில் 'கெட் பேக்' ஒத்திகைகளைப் படமாக்கிய காட்சிகளிலும் அது தெரிகிறது. அதற்குப் பிறகு அதைப் படத்தில் பார்த்தவர் இல்லை.

ரசிகர்கள் இங்கேதான் கதைக்குள் வருகிறார்கள். இரண்டு கிட்டார்களும் சாதாரணக் கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும். தீவிர ரசிகருக்கு அப்படியில்லை. முதலாவதில் கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பிக்கப்புகள் இரண்டும் கழுத்தை ஒட்டி அருகருகே உட்கார்ந்திருக்கும். கழுத்துப் பக்கம் கம்பி அகலமாக ஆடுவதால் அங்கிருந்து எடுக்கும் ஒலி உருண்டு கனமாக வரும். முதல் இரண்டு ஆல்பங்களின் அடித்தொனிக்கு அது ஒரு முக்கியக் காரணம். 1963-ல் வந்ததில் ஒரு பிக்கப், கம்பிகளைத் தாங்கும் பாலத்தின் பக்கம் தள்ளி இருக்கும். வண்ணம் பூசியபோது முதலாவதில் இரண்டு பிக்கப்புகளையும் ஒரே மரத்துண்டில் பொருத்தினார்கள். அந்த மரத்துண்டு தெரிந்தால் புகைப்படம் 1964-க்குப் பிந்தையது. இரண்டாவதன் விளிம்பில் 1966-ன் கடைசிச் சுற்றுப்பயணத்தில் ஒட்டிய பாட்டு வரிசைச் சீட்டு ஆண்டுக்கணக்கில் கிழியாமல் ஒட்டியிருந்தது. 1969-ல் பீட்டில்ஸ் ஒரு மொட்டை மாடியில் வாசித்தபோதும் அது தெரிகிறது. ஆக, மாடியில் இருந்தது முதல் கிட்டார் அல்ல.

இதையெல்லாம் யாரும் சம்பளம் வாங்கிக்கொண்டு குறித்துவைக்கவில்லை. பள்ளி வயதில் அந்தப் பாட்டுகளைக் கேட்டவர்கள், வேலைக்குப் போய், பிள்ளை பெற்று, ஓய்வு பெற்ற பிறகும் அதே புகைப்படங்களை உருப்பெருக்கிக் கண்ணாடியில் வைத்துப் பார்த்தார்கள். ரசிகர் வெறி என்று சொல்லி இதைத் தள்ளிவிடுவது சுலபம். நான் அப்படி நினைக்கவில்லை. ஒன்றை நேசிக்கிறவர் அதைக் கூர்ந்து பார்க்கிறார், பார்த்ததை நினைவில் வைக்கிறார், அடுத்தவருக்குச் சொல்கிறார். கிட்டார் எங்கோ இருட்டில் கிடந்த அந்த ஐம்பது ஆண்டுகளும் அதன் அடையாளம் இவர்களிடம்தான் பத்திரமாக இருந்தது.

அது எப்போது காணாமல் போனது என்பதிலேயே நெடுங்காலம் குழப்பம். 1969-ல் ஏதோ ஒரு ஸ்டூடியோவிலிருந்து போயிருக்க வேண்டும் என்றே பலரும் நம்பினார்கள். ஹோஃப்னரின் பழைய பேஸ்களைப் பற்றி ஆழ்ந்து அறிந்தவர் நிக் வாஸ். ஹோஃப்னர்காரர்தானே, என் பழைய பேஸைத் தேடித் தர முடியாதா என்று மெக்கார்ட்னியே அவரிடம் கேட்டிருக்கிறார். 2018-ல் வாஸ் தேடலைத் தொடங்கினார். பெரிதாக எதுவும் கிடைக்கவில்லை. பத்திரிகையாளர் தம்பதியான ஸ்காட் ஜோன்ஸ், நயோமி ஜோன்ஸ் இருவரும் சேர்ந்துகொள்ள, 2023 செப்டம்பரில் 'தொலைந்த பேஸ்' என்ற பெயரில் தேடலைப் பகிரங்கமாக அறிவித்தார்கள். அவர்கள் யாரையும் குற்றம் சாட்டவில்லை. தெரிந்ததைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டார்கள். அந்த அணுகுமுறைதான் காரியத்தைச் சாதித்தது என்று நினைக்கிறேன்.

உலகத்தின் பல மூலைகளிலிருந்து கடிதங்கள் வந்தன. அவற்றில் ஒன்று மெக்கார்ட்னியின் அடுத்த குழுவான விங்ஸில் ஒலிப் பணி செய்த ஒருவருடையது. அதோடு 1969 என்ற கணக்கு உடைந்தது. 1972 அக்டோபர் 10 இரவு, லண்டனின் நாட்டிங் ஹில் பகுதியில் நிறுத்தியிருந்த வேனின் பின்கதவை உடைத்து, மற்றக் கருவிகளோடு அந்த பேஸையும் எடுத்துப் போயிருக்கிறார்கள். மறுநாள் முதலாளியிடம் எப்படிச் சொல்வது என்ற தவிப்போடு அவர் போய் நின்றபோது, மெக்கார்ட்னி கோபப்படவில்லை. அந்த மனிதர் அதன் பிறகும் பல ஆண்டுகள் அவரிடமே வேலை பார்த்தார்.

ஊரும் தேதியும் தெரிந்ததும் தேடல் ஒரே பேட்டைக்குள் சுருங்கியது. அங்கிருந்து இன்னொருவர் முன்வந்து, எடுத்தது தன் தந்தை என்றார். ஐம்பது ஆண்டு கழித்து ஒரு மகன் இதைச் சொல்ல எவ்வளவு மனத்திடம் வேண்டும்! வீட்டுக்குக் கொண்டுபோன பிறகுதான் அது யாருடையது என்று அந்தத் தந்தைக்குத் தெரிந்திருக்கிறது. விற்கவும் பயம், வைத்துக்கொள்ளவும் பயம். பக்கத்துப் பப் ஒன்றின் உரிமையாளரிடம் தள்ளிவிட்டார். அவர் குடும்பத்தில் கைமாறிக் கைமாறி, கடைசியில் இங்கிலாந்தின் தென்கரையில் ஒரு வீட்டுப் பரணுக்குப் போய்ச் சேர்ந்தது. தேடல் செய்தி பரவியதும் அந்த வீட்டார் தங்கள் பரணில் இருப்பது எதுவென்று உணர்ந்து, மெக்கார்ட்னியின் நிறுவனத்தைத் தொடர்புகொண்டு ஒப்படைத்தார்கள்.

கிட்டார் முழுசாக, அதன் பழைய பெட்டியிலேயே இருந்தது. வாசிக்கும் நிலையில் இல்லை, பழுது பார்க்க வேண்டியிருந்தது. ஹோஃப்னர் நிறுவனம் பரிசோதித்து இது அதுவே என்று உறுதி செய்தது. 2024 பிப்ரவரியில் செய்தி வெளியானபோது பத்திரிகைகள் உடனே விலை பேசத் தொடங்கின. 1963-ல் காணாமல் போன, பீட்டில்ஸ் குழுவின் ஜான் லெனனுடைய கிப்சன் கிட்டார் ஒன்று 2015-ல் 24 லட்சம் டாலருக்கு ஏலம் போயிருந்தது. இது அதைப் போலப் பல மடங்கு போகும் என்றார்கள். போகலாம். ஆனால் ஏலத்தில் எடுத்துக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டுகிறவர் தரும் மதிப்பை விட, தனக்கு ஒருபோதும் சொந்தமாகப் போகாத ஒரு பொருளுக்காக ஆண்டுக்கணக்கில் தேடினவர்கள் தந்த மதிப்புதான் பெரிது என்பேன். உரியவர் கைக்கு அது போய்ச் சேர வேண்டும் என்பதைத் தவிர அவர்கள் வேறு எதையும் கேட்கவில்லை.

மெக்கார்ட்னி அதைக் கண்ணாடிப் பெட்டியில் வைக்கவில்லை. 2024 டிசம்பர் 19 அன்று லண்டன் ஓ2 அரங்கில் அந்த ஆண்டுப் பயணத்தின் கடைசிக் கச்சேரி. அவருக்கு வயது 82. பழைய பீட்டில்ஸ் தோழர் ரிங்கோ ஸ்டாரும் அன்று மேடையேறினார். ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் ரோனி வுட் வந்து பக்கத்தில் நின்றபோது, மெக்கார்ட்னி பழைய ஹோஃப்னரைத் தோளில் மாட்டி, ஐம்பது ஆண்டுகளில் முதல்முறையாக இது மேடைக்கு வருகிறது என்று அறிமுகப்படுத்தினார். வாசித்தது 'கெட் பேக்'. 1969 ஜனவரியில் அந்தப் பாட்டு உருவான ஒத்திகைகளில் இந்தக் கிட்டாரும் இருந்தது என்பதை அரங்கில் இருந்த பழைய ரசிகர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.