புட்டியில் ஏறிய ஓவியம்

பிரான்சின் போர்தோ வட்டாரத்தில் ஒயின் புட்டியின் லேபிளில் ஓவியம் ஏறிய வரலாற்றை விளம்பரத்தின் வரலாறாகவே பலரும் சொல்கிறார்கள். ஷாத்தோ மூத்தோன் ரோத்ஷீல்டு தோட்டத்தில் நடந்ததைப் பார்த்தால், விற்ற சரக்குக்கு விளைவித்தவர் பொறுப்பேற்றதில்தான் அது தொடங்குகிறது. அதுவரை அங்கே ஒயின் பெரும்பாலும் பீப்பாயிலேயே விலைபோனது. போர்தோ நகர வணிகர்கள் அதைத் தங்கள் கிடங்கில் முதிரவைத்துப் புட்டியில் அடைத்தார்கள். ரோன் பள்ளத்தாக்கின் எர்மிதாஜ் ஒயினைக் கலந்து வலுவேற்றுவதும் 19ஆம் நூற்றாண்டில் நடந்ததுதான். குடிப்பவர் கைக்கு வந்தது எந்தத் தோட்டத்தின் சரக்கு என்பதற்கு வணிகரின் சொல்லே சாட்சி. 1922இல், தம் 20ஆவது வயதில் தோட்டத்தை ஏற்ற பிலிப் த ரோத்ஷீல்டு, 1924இன் விளைச்சல் முழுவதையும் தோட்டத்திலேயே அடைக்கத் துணிந்தார். சுவரொட்டி ஓவியர் ழான் கார்லுவிடம் அவர் லேபிள் வரையக் கேட்டதும் அந்த விளைச்சலுக்குத்தான். இது தற்செயலாக இருக்க முடியாது. பெயரைப் பணயம் வைத்தவருக்கு, அந்தப் பெயரைத் தாங்கும் காகிதமும் தம்முடையதாக இருக்க வேண்டியிருந்தது.

விற்பனைக்காகச் செய்த வேலை இது என்பாருக்கு ஒரு விடை உண்டு. ஆட்டுத்தலையும் குடும்பச் சின்னமான ஐந்து அம்புகளும் கொண்ட கார்லுவின் லேபிள் காலத்துக்கு மிஞ்சிய புதுமையாகப் பட்டு, சில ஆண்டுகளில் கைவிடப்பட்டது. தோட்டத்திலேயே அடைக்கும் வழக்கமோ நிலைத்தது. ஓவியம் திரும்பி வந்தது 1945இல். போரின் வெற்றியைக் குறிக்கும் 'வி' எழுத்தை பிலிப் ஜூலியான் வரைந்தார். ரோத்ஷீல்டின் மனைவி எலிசபெத் ராவன்ஸ்புரூக் வதைமுகாமில் இறந்த ஆண்டும் அதுவே. அந்த லேபிளை வெறும் விற்பனை உத்தியாகப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. பீப்பாய் வணிகத்தில் தோட்டத்தின் அடையாளம் எளிதில் கரைந்துபோகும். இங்கே அந்தந்த ஆண்டின் விளைச்சலுக்கே தனி முகம் கிடைத்தது. பின்னர் ஆண்டுக்கு ஓர் ஓவியர் என்பது மரபானது. 1955இல் பிராக், 1970இல் ஷகால், 2009இல் மும்பையில் பிறந்த அனிஷ் கபூர். இவர்களுக்குக் கூலி பணமாக அல்ல, ஒயினாகத் தரப்பட்டது. பிரான்சும் பிரிட்டனும் 1904இல் செய்துகொண்ட நட்புடன்பாட்டின் நூற்றாண்டை ஒட்டி, 2004 விளைச்சலுக்கு அன்றைய இளவரசர் சார்லஸின் நீர்வண்ண ஓவியம் வந்தது.

சேகரிப்பாளர்கள் ஓவியத்துக்காகவே புட்டி வாங்குவதும், சுமாரான விளைச்சலுக்குக்கூட அதனால் விலை ஏறுவதும் உண்மை. மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பிற்காலத்துப் பலனைத் தொடக்கக் காரணமாகக் கொள்ளக் கூடாது. போர்தோ ஒயின்களுக்கான 1855இன் தரவரிசையில் இரண்டாம் தரத்தில் வைக்கப்பட்ட மூத்தோன், பல ஆண்டு முயற்சிக்குப் பின் 1973இல்தான் முதல் தரத்துக்கு உயர்ந்தது. அந்த உயர்வு கிடைத்த ஆண்டின் விளைச்சலுக்கு பிக்காசோவின் ஓவியம் முகமானது. ஓவியம் விற்பனைக்கான அலங்காரம் மட்டுமல்ல என்பதை 1993இன் நிகழ்வு இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. பால்த்தூஸ் வரைந்த ஆடையற்ற சிறுமியின் உருவத்துக்கு அமெரிக்காவில் எதிர்ப்பு எழுந்தது. அந்த எதிர்ப்பு நியாயமானது என்பதே என் கருத்து. அங்கே அனுப்ப வேறொரு படத்தை அச்சிட்டிருக்கலாம். தோட்டமோ படத்துக்குரிய இடத்தை வெறுமையாக விட்டே அனுப்பியது. வெறும் அலங்காரமாக இருந்திருந்தால் மாற்றுப் படம் ஒன்று போதுமாயிருக்கும்.

விளைவித்தவர் ஏற்ற பொறுப்பையே லேபிள் தாங்கியது என்பது உருவப்படங்களில் நேரடியாகவே தெரிகிறது. 1975இன் லேபிளில் ஆண்டி வார்ஹோல் வரைந்தது ரோத்ஷீல்டின் முகத்தையே. 1988 ஜனவரியில் அவர் இறந்த பிறகு, 1987 விளைச்சலுக்கு ஹன்ஸ் எர்னி மீண்டும் அவர் உருவத்தை வரைந்தார். முன்பு வணிகரின் சொல் நின்ற இடத்தில் இப்போது தோட்டக்காரரின் முகம் நின்றது.