தொடர்பு அறுந்ததை வெளியிலிருந்து அறிவது எப்படி?

2023 ஒக்டோபர் 27 வெள்ளிக்கிழமை மாலை காசாவின் இணையமும் தொலைபேசியும் ஏறத்தாழ முற்றாக நின்றன. சுமார் 34 மணித்தியாலங்களின் பின்னரே தொடர்பு மீளத் தொடங்கியது. உள்ளே இருந்தவர்களால் எதையும் அறிவிக்க முடியவில்லை. ஆயினும் தொடர்பு அறுந்த செய்தி சிறிது நேரத்திலேயே உலகுக்குத் தெரிந்தது. உறவினரின் தொலைபேசி மணி அடிக்காத நாட்களைக் கடந்து வந்தவர்களுக்கு, அது எப்படித் தெரியவந்தது என்ற கேள்வி வெறும் தொழில்நுட்பக் கேள்வி அல்ல.

இணையத்தில் இணைந்துள்ள கருவி ஒவ்வொன்றுக்கும் ஓர் இலக்க முகவரி உண்டு. அந்த முகவரிக்கு "இருக்கிறாயா?" என்று கேட்கும் சிறு செய்தியை அனுப்பினால் பல கருவிகள் பதில் தரும். 1983இல் மைக் மூஸ் எழுதிய 'பிங்' என்ற நிரல் செய்வது இதைத்தான். ஒரு கருவியைக் கேட்பது எளிது. கோடிக்கணக்கானவற்றை இடைவிடாது கேட்டால் அதுவே வலையமைப்புகளுக்குத் தொல்லையாகிவிடும்.

தென் கலிபோர்னியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட 'ட்ரைனொக்குலர்' முறை இதற்கு விடை கண்டது. முகவரிகளை 256 கொண்ட தொகுதிகளாக எடுத்து, 11 நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு தொகுதியிலும் ஓரிரு முகவரிகளை மட்டும் அது கேட்கும். பதில் வந்தால் அத்தோடு சரி. வராவிட்டால் மட்டுமே, சந்தேகம் தீரும்வரை, அதிகபட்சம் 15 முகவரிகளைக் கேட்கும். ஒரு கருவி அணைந்திருப்பதற்கும் ஒரு பகுதியே அறுந்திருப்பதற்கும் உள்ள வேறுபாட்டை நிகழ்தகவுக் கணிப்பு சொல்லும்.

ஜோர்ஜியா தொழில்நுட்ப நிறுவகம் நடத்தும் 'அயோடா' இத்துடன் வேறு இரு சான்றுகளையும் சேர்த்துப் பார்க்கிறது. ஒன்று, வலையமைப்புகள் தமக்கான பாதைகளை உலகுக்கு அறிவிக்கும் முறை. 2011 ஜனவரி 28 நள்ளிரவுக்குச் சற்றுப் பின் எகிப்தின் சுமார் 3,500 பாதை அறிவிப்புகள் மறைந்தன. பெப்ரவரி 2இல் அவை திரும்பின. மற்றையது விசித்திரமானது. எவரும் பயன்படுத்தாத முகவரிகளுக்கு வந்து சேரும் குப்பைத் தரவைக் கவனிப்பது. நோய் தொற்றிய கணினிகள் கண்டபடி அனுப்பும் தரவுதான் அது. ஒரு நாட்டிலிருந்து வரும் குப்பைகூட நின்றுவிட்டால் அங்கு ஏதோ நடந்துவிட்டது.

வரைபின் வடிவமும் பேசும். எல்லா நிறுவனங்களின் கோடுகளும் ஒரே நிமிடத்தில் செங்குத்தாக வீழ்ந்தால் கட்டளை ஒன்றின் மீது சந்தேகம் எழும். எரிபொருள் தீர்ந்து மின்பிறப்பாக்கிகள் நின்றால் வீழ்ச்சி படிப்படியாக இருக்கும். ஆனாலும் காரணத்தை வரைபு மட்டும் நிரூபிக்காது. களத்துச் சாட்சியமும் வேண்டும்.

இம்முறைக்குத் தெரியாதவையும் உண்டு. பல கைத்தொலைபேசிகள் ஒரே பொது முகவரிக்குப் பின்னால் நிற்பதால் அவற்றைத் தனித்தனியே கேட்க முடியாது. சமூக ஊடகத் தடையும் இதில் தெரியாது. 2022 ஏப்ரல் 3இல் இலங்கையில் பேஸ்புக், வட்ஸ்அப், ருவிட்டர் முதலியன முடக்கப்பட்டபோது முகவரிகள் வழமைபோலவே பதிலளித்திருக்கும். அத்தகைய தடைகளை அளப்பது 'ஊனி' என்ற வேறொரு செயலி. அதை நாட்டுக்குள் இருக்கும் ஒருவர் தம் தொலைபேசியில் இயக்க வேண்டும். சில நாடுகளில் அது ஆபத்தான காரியம்.

அயோடாவின் வரைபுகளை எவரும் இலவசமாகப் பார்க்கலாம். நாடு வாரியாகவும், நாட்டுக்குள் பிராந்திய வாரியாகவும், கடந்த காலத் திகதிகளுக்கும் அவை கிடைக்கின்றன.