கொன்ஸ்ரன்சியா மதுவும் அளவெட்டிப் பனங்கட்டியும்

அளவெட்டி முதலிய வலிகாமத்து ஊர்களை 1658 முதல் 1795 வரை ஆண்ட ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பனியே அக்காலத்தில் நன்னம்பிக்கை முனையையும் ஆண்டது. அம்முனையின் ஆட்சித் தலைவர் சைமன் வன் டெர் ஸ்ரெல் 1685 ஆம் ஆண்டிற் பெற்ற நிலத்திற் கொன்ஸ்ரன்சியா என்னும் கொடிமுந்திரித் தோட்டத்தை நிறுவினார். அவர் தந்தையார் 1646 இல் இலங்கையிற் கண்டியரசன் படையினராற் கொல்லப்பட்டவர்.

அத்தோட்டத்தின் இனிய மது ஐரோப்பிய அரசவைகளிற் பெரும்புகழ் பெற்றது. நெப்போலியன் செயின்ற் ஹெலனாவிற் சிறையிருந்த காலத்தும் அதனை அருந்தினார். கனிகளைக் கொடியிலேயே வாடவிடுதலாற் சாற்றிற் சர்க்கரை செறியும். நொதித்தபின் எஞ்சும் சர்க்கரையும் புளிப்பும் மதுசாரமும் அம்மதுவைப் பல்லாண்டு காக்கும். ஆண்டுகள் செல்லப் பொன்னிறம் கருகிச் செம்பழுப்பாகும். பழச்சுவை தேனும் உலர்பழமும் கலந்தாற்போலக் கனியும்.

பனஞ்சாறோ முதுமையை ஏலாது. முட்டியில் வடியும்போதே நொதிக்கத் தொடங்கி, இனிப்பிழந்து, சில நாளிற் காடியாகிவிடும். ஆதலின் நம் முன்னோர் வேறு வழி கண்டனர். முட்டியின் உட்புறத்திற் சுண்ணாம்பு பூச, நொதித்தல் தடைப்பட்டுச் சாறு கருப்பநீராகும். அதனைக் காய்ச்சிப் பனங்கட்டியாக்கி ஓலைக் குட்டான்களில் வார்த்து வைத்தனர்.

மதுப் போத்தல் தோட்டத்தின் பெயரையும் ஆண்டையும் தாங்கும். அங்கு உழைத்த அடிமைகளின் பெயரைத் தாங்காது. நன்னம்பிக்கை முனையின் அடிமைகளுள் சோழமண்டலக் கரையிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோரும் இருந்தனர். குட்டானும் பனையேறியவரின் பெயரைச் சொல்வதில்லை. சுவையின் வரலாற்றை எழுதப் புகுவோர் உடைமையாளரின் ஏடுகளோடு அமையாது, இத்தொழிலாளரின் கைத்திறனையும் பதிவு செய்தல் கடனாகும்.